பேரிங் கிரீசிங்குக்குப் பில் போட்டார்கள், ஹப்பைக் கழற்றவே இல்லை

பழைய டாடா சுமோ மாதிரி முன்சக்கரத்தில் டேப்பர் பேரிங் (கழற்றிக் கழுவி கிரீஸ் வைக்கக்கூடிய, கூம்பு வடிவ ரோலர் பேரிங்) உள்ள வண்டி வைத்திருக்கிறீர்களா? தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். நடுரோட்டில் சக்கரம் கழன்று போயிருக்க வேண்டியது. வண்டிக்குள் என் அம்மாவும் மகளும் இருந்தார்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முடிச்சூரில் எங்கள் தெரு முழுக்கத் தண்ணீர். என் சுமோவின் சக்கரங்கள் பாதிக்கு மேல் மூழ்கி இரண்டு நாள் அப்படியே நின்றது. பேரிங் உட்கார்ந்திருக்கிற சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப் வரை தண்ணீர் ஏறினால், அதை அடைத்திருக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலைத் தாண்டி உள்ளே போய் கிரீஸோடு கலந்துவிடும், அந்த கிரீஸ் பேரிங்கைக் காப்பாற்றாது, நாள்பட நாள்பட உள்ளே துரு பிடிக்கும். இது தெரிந்துதான் தண்ணீர் வடிந்ததும் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் விட்டு, "முன்பக்கம் ரெண்டு ஹப்பையும் கழற்றி, பேரிங்கைக் கழுவி, புது கிரீஸ் வையுங்கள்" என்று தெளிவாகச் சொன்னேன். சாயங்காலமே வண்டி தயார். லேபர் 1,800, கிரீஸ் 450 என்று பில் போட்டார்கள். ஹப்பின் வெளிப்பக்க மூடியான டஸ்ட் கேப்பைத் திறந்துகூடக் காட்டினார்கள், உள்ளே சுத்தமான நீல நிற கிரீஸ். நம்பிப் பணம் கொடுத்தேன்.

மூன்று மாதம் கழித்து மதுரைக்குக் கிளம்பினோம். மேல்மருவத்தூர் தாண்டினதும் இடது முன்சக்கரத்திலிருந்து ஒரு ஹம்மிங் சத்தம். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் திருப்பினால் பாரம் இடது சக்கரத்தின்மேல் விழுமே, அப்போது சத்தம் இன்னும் கூடியது. திண்டிவனம் வருவதற்குள் கருகல் வாடை. ஓரங்கட்டி, சாலையோரம் இருந்த ஒரு சின்ன ஷெட்டில் காட்டினேன்.

அந்த மெக்கானிக் தம்பி ஜாக்கி போட்டு, சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்த்தார். கடகடவென்று ஆடியது. டஸ்ட் கேப்பைக் கழற்றி, மேலே இருந்த நீல கிரீஸைத் துணியால் துடைத்தார். அடியில் ஹப்பைப் பிடித்து நிறுத்தும் கேசில் நட்டும், அந்த நட்டு கழலாமல் குறுக்கே போடும் ஸ்பிளிட் பின்னும் தெரிந்தன. பின்னும் நட்டும் துருவில் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் போயிருந்தன. "அண்ணே, இந்தப் பின்னைக் கழட்டிப் பல வருஷம் இருக்கும். இதைக் கழட்டாம ஹப் எப்படிண்ணே வெளிய வரும்?" என்றார். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பின்னை வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. ஹப்பின் உள்பக்க பேரிங்கில் இருந்த பழைய கிரீஸ் காப்பி மாதிரிக் குழகுழவென்று வழிந்தது. ரோலர்கள் சூட்டில் நீலம் பாய்ந்து, அம்மைத் தழும்பு மாதிரிக் குழி குழியாக இருந்தன. ரோலர்கள் உருளும் வெளி வளையமான கப்பிலும் அதே குழி. வலப்பக்கத்தையும் பிரிக்கச் சொன்னேன். அங்கும் மேலே நீலம், அடியில் துருப்பிடித்த பின்.

அந்தத் தம்பி வேலை செய்ததை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிரேக் காலிப்பரைக் கழற்றி, பிரேக் ஹோஸில் பாரம் விழாமல் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். இரண்டு பக்கமும் கப், கோன் (ரோலர்களோடு வரும் உள் வளையம்) சேர்த்துப் புது செட் வாங்கிவரச் சொன்னார், ஏனென்றால் பழைய கப்பில் புது கோன் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும். ஹப்பை டீசலில் கழுவித் துடைத்தார். லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, ரோலர் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் பிதுங்கி வரும்வரை விடவில்லை. டஸ்ட் கேப்புக்குள் வைக்கிற கிரீஸ் இந்த இடுக்குக்குள் தானாகப் போகவே போகாது. அப்புறம் புது சீல். ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, கையால் மட்டும் திருகி, புதுப் பின் போட்டார். நட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் சூடேறிவிடும் என்றார்.

என் பில்லை அன்றே கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். அதில் ஆயில் சீலும் இல்லை, ஸ்பிளிட் பின்னும் இல்லை. உள் பேரிங்கை வெளியே எடுக்கும்போது சீல் பெரும்பாலும் கெட்டுவிடும், புதுசு போட்டே ஆகவேண்டும். அதனால் பில்லில் சீல் இருக்கிறதா என்று பாருங்கள், பழைய சீலையும் பின்னையும் கையில் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் ஹப் கழலும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். இன்னொன்று, இப்போது வருகிற பெரும்பாலான கார்களில் இருப்பது சீல் செய்த பேரிங். அதற்கு கிரீஸ் வைக்க வழியே கிடையாது, கெட்டால் மாற்ற வேண்டியதுதான். அந்த மாதிரி வண்டிக்கு யாராவது வீல் பேரிங் கிரீசிங் என்று பில் போட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

ஊர் திரும்பியதும் அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போய்க் கேட்டேன். "மேலே வைக்கிறதும் கிரீசிங்தான் சார்" என்று மேனேஜர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். லேபர் 1,800-ஐ மட்டும் திருப்பித் தருவதாகச் சொன்னார், நான் வாங்கவில்லை. வெட்டி எடுத்த இரண்டு பின், குழி விழுந்த கப், இரண்டு பில், திண்டிவனத்தில் எடுத்த படங்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், இந்த அளவு தொகைக்குக் கட்டணமும் இல்லை. மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.