சான் பிரான்சிஸ்கோ, சான் அன்டோனியோ, சவானா: படப்பிடிப்புக்கு நகரம் திருப்பித் தரும் பணம், ஓர் ஒப்பீடு

சான் பிரான்சிஸ்கோ ஒரு தயாரிப்புக்கு 6 லட்சம் டாலர் வரை திருப்பித் தருகிறது. ஜார்ஜியா மாநிலத்தின் சவானா 10 சதவீதம். சான் அன்டோனியோ 7.5 சதவீதம் என்று அறிவித்திருந்தது. அமெரிக்காவில் படமோ வெப் சீரிஸோ எடுக்கத் திட்டமிடுபவர்கள் முதலில் பார்ப்பது இந்த எண்களைத்தான். ஆனால் இவற்றை அப்படியே ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. சான் பிரான்சிஸ்கோ தருவது நீங்கள் நகராட்சிக்கே கட்டிய கட்டணம். சவானா தருவது உள்ளூரில் செய்த செலவில் ஒரு பங்கு, அதுவும் ஒரு உச்சவரம்புக்குள். சான் அன்டோனியோ தருவது டெக்சாஸ் மாநிலத்தின் மானியத்துக்கு மேல் ஒரு சேர்ப்பு. எந்தத் தொகையில் சதவீதம், எதுவரை, எந்த நிபந்தனையில் என்ற மூன்றையும் பார்க்காமல் ஊரை முடிவு செய்தால் பட்ஜெட்டில் ஓட்டை விழும்.

சான் பிரான்சிஸ்கோ: கட்டியது திரும்பும்

2006-இல் தொடங்கிய திட்டம் இது. படத்தின் பட்ஜெட் 30 லட்சம் டாலருக்கு மேல் என்றால் முதன்மைப் படப்பிடிப்பில் குறைந்தது 55 சதவீதம் நகர எல்லைக்குள் நடக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் 65 சதவீதம். 30 நாள் படப்பிடிப்பை எடுத்துக்கொண்டால் பெரிய படத்துக்கு 17 நாள், சின்னப் படத்துக்கு 20 நாள். சின்னப் படத்துக்குத்தான் நிபந்தனை கடுமை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 28 லட்சத்துக்குத் திட்டமிட்ட படத்துக்கு 17 நாள் போதும் என்று நினைத்து ஷெட்யூல் போட்டால், விண்ணப்பமே நிற்காது.

திரும்பி வருபவை: படப்பிடிப்பு பெர்மிட் கட்டணம், தெருவை மூடுவதற்கான கட்டணம், நகராட்சிக்குச் சொந்தமான இடங்களின் வாடகை, பிறகு போலீஸ். இந்தப் போலீஸ் கணக்குதான் பெரிய தொகை. ஒரு நாளைக்கு நான்கு காவலர் வரை, ஆளுக்கு 12 மணி நேரம் வரை திரும்பக் கேட்கலாம். ஐந்தாவது காவலரின் சம்பளமும் பதின்மூன்றாவது மணி நேரமும் தயாரிப்பாளர் தலையில். செங்குத்தான தெருவில் கார் ஸ்டண்ட் எடுக்கும் நாளில் நான்கு பேர் போதாது, ஒவ்வொரு முனையிலும் ஆள் வேண்டும். அந்த நாட்களைத் தனியாக எண்ணி, கூடுதல் காவலர் செலவைத் திரும்பாத செலவாகவே எழுத வேண்டும். ஆரம்பத்தில் நகரத்தின் சம்பள வரியும் திரும்பும் பட்டியலில் இருந்தது. 2014 முதல் அந்த வரியையே படிப்படியாக எடுத்துவிட்டார்கள். பழைய படங்களின் கணக்கைப் பார்த்து இன்றைய தொகையை ஊகிக்க வேண்டாம்.

எல்லை இங்கே மிக முக்கியம். சான் பிரான்சிஸ்கோ என்றால் கண்முன் வரும் இடங்களில் பாதி நகராட்சியுடையது இல்லை. அல்காட்ராஸ், பேக்கர் பீச், லேண்ட்ஸ் எண்ட் எல்லாம் கூட்டாட்சி அரசின் தேசியப் பூங்கா நிலம். பழைய ராணுவத் தளமான பிரசிடியோவுக்குத் தனி அமைப்பு. கோல்டன் கேட் பாலத்துக்கும் தனி நிர்வாகம். அங்கே கட்டும் கட்டணத்தில் ஒரு டாலரைக்கூட நகராட்சி திருப்பித் தராது, ஏனெனில் அது நகராட்சியின் கஜானாவுக்குப் போகவே இல்லை. பாலத்தைப் பின்னணியில் வைத்து எடுப்பது வேறு, பாலத்தின் மேல் எடுப்பது வேறு. லொகேஷன் பட்டியலில் ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் நிலம் யாருடையது என்று ஒரு பத்தி போட்டு எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது. கேபிள் கார், துறைமுகக் கரை இரண்டும் நகராட்சித் துறைகளின் கீழ் வருபவை.

எங்கள் பார்வையில் மூன்றில் மிக நேர்மையான கட்டமைப்பு இதுதான். நகரம் தான் வாங்கிய பணத்தைத்தான் திருப்பித் தருகிறது, பள்ளிக்கும் சாலைக்கும் ஒதுக்கிய காசை எடுத்துத் தருவதில்லை. ஆனால் தயாரிப்பாளர் முதலில் முழுப் பணத்தையும் கட்டியாக வேண்டும், படம் முடிந்து கணக்குக் கொடுத்த பிறகே காசோலை. இடைக்கால வட்டியைச் சேர்க்காத பட்ஜெட் முழுமையான பட்ஜெட் இல்லை.

நியூயார்க்கில் இந்தச் சுற்றே வேண்டாம். 1966 முதல் அங்கே படப்பிடிப்புக்கென்றே தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது, அதற்குக் கட்டணம் கிடையாது. ரிபேட் (திருப்பித் தரும் பணம்) பட்டியலில் இது வராது. தெருவில் அதிகம் எடுக்கும் படத்துக்கு இதன் மதிப்பு என்ன என்று தனியாகப் போட்டுப் பார்ப்பது நல்லது.

சான் அன்டோனியோ: மாநிலம் சரி சொன்னால்தான்

இந்த நகரத்தின் சேர்ப்பு மானியம் டெக்சாஸ் மாநிலத் திட்டத்தின் முதுகில் ஏறி வருகிறது. மாநிலம் உயர்ந்தபட்சம் 22.5 சதவீதம் கொடுத்துவந்த காலத்தில் நகரத்தின் 7.5 சேர்ந்து 30 ஆகும், அப்படித்தான் விளம்பரப்படுத்தினார்கள். 2025-இல் மாநிலச் சட்டம் மாறி, டெக்சாஸுக்குள் 15 லட்சம் டாலருக்கு மேல் செலவழிக்கும் படத்துக்கு அடிப்படை விகிதமே 25 சதவீதமாகிவிட்டது. ஆகவே நகரத்தின் பங்கு இப்போது எவ்வளவு, மொத்தத்துக்கு வரம்பு உண்டா என்பதை விண்ணப்பத்துக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே வரும் கணக்குகள் 7.5-ஐ வைத்துப் போட்டவை.

டெக்சாஸ் தருவது ரொக்க மானியம். வரிக் கடனை (மாநில வரியில் கழித்துக்கொள்ளும் சலுகைத் தொகை, வாங்கும் கடன் இல்லை) விற்றுக் காசாக்கும் வேலை இல்லை, அது பெரிய வசதி. எதிர்ப்பக்கத்தில் நிபந்தனைகள் நிறைய. மொத்தப் படப்பிடிப்பு நாட்களில் 60 சதவீதம் மாநிலத்துக்குள் நடக்க வேண்டும். டெக்சாஸ்வாசிகளுக்குக் கொடுத்த சம்பளம் மட்டுமே கணக்கில் சேரும், ஒவ்வொருவரிடமும் வசிப்பிட உறுதிமொழிப் படிவம் கையெழுத்தாகி இருக்க வேண்டும். இந்தப் படிவத்தை முதல் நாள் கால்ஷீட்டின்போதே வாங்கிவிட வேண்டும். படம் முடிந்து ஊருக்குப் போன லைட்மேனைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவது நடக்காத காரியம், அவர் சம்பளம் முழுதும் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

கதையையும் பார்க்கிறார்கள். டெக்சாஸையோ அதன் மக்களையோ தவறாகச் சித்தரிக்கும் படத்துக்கு மானியத்தை மறுக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது, மறுத்தும் இருக்கிறார்கள். மாநில மானியம் போனால் நகரத்தின் சேர்ப்பும் சேர்ந்தே போகும். மாநில ஊழலை மையமாக வைத்த கதைக்கு இந்தப் பணத்தை பட்ஜெட்டின் வரவுப் பக்கத்தில் எழுதவே கூடாது.

நிதி ஒதுக்கீடும் நிலையாக இருந்ததில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சட்டமன்றம் ஒதுக்கும் தொகை 2013-இல் 9.5 கோடி டாலர், 2015-இல் 3.2 கோடி, 2017-இல் 2.2 கோடி, 2023-இல் 20 கோடி. இப்போது 2035 வரை இரண்டு ஆண்டுக்கு 30 கோடி என்று சட்டமே சொல்லிவிட்டது. சான் அன்டோனியோவை மறுபடி யோசிக்க இதுவே வலுவான காரணம்.

சவானா: 10 சதவீதம், ஆனால்

சவானாவின் பணம் நகராட்சியிடமிருந்து வருவதில்லை, அந்தப் பகுதியின் பொருளாதார வளர்ச்சி ஆணையத்திலிருந்து வருகிறது. தகுதியுள்ள உள்ளூர்ச் செலவில் 10 சதவீதம். திரைப்படத்துக்கு உச்சவரம்பு 1 லட்சம் டாலர், தொலைக்காட்சித் தொடருக்கு 2.5 லட்சம். ஊருக்குக் குடிபெயரும் திரைத் தொழிலாளர் குடும்பத்துக்கு 2,000 டாலர் தருவதாகவும் அறிவித்தார்கள். வெளியூர் ஆட்களுக்கு அறையும் பேட்டாவும் கொடுத்துக் கட்டுப்படியாகாத ஊரில், உள்ளூரில் ஆள் சேர்க்க இது சரியான வழி.

இதன் கீழே ஜார்ஜியா மாநிலத்தின் வரிக் கடன் இருக்கிறது. 5 லட்சம் டாலர் செலவழித்தால் 20 சதவீதம், மாநிலத்தின் லோகோவைப் படத்தில் போட்டால் இன்னும் 10. ஜார்ஜியாவில் வரி கட்டாத கம்பெனி அந்தக் கடனை வேறொருவருக்கு விற்க வேண்டும், விற்கும்போது முழு மதிப்பு கிடைக்காது. 6 லட்சம் டாலர் கடன் டாலருக்கு 90 சென்ட் வீதம் போனால் கையில் வருவது 5.4 லட்சம். 2023 முதல் எல்லாக் கடன்களுக்கும் தணிக்கை கட்டாயம். அதற்கான செலவும் காத்திருப்பும் உங்களுடையவை.

ஒரே படம், மூன்று ஊரில்

மொத்த பட்ஜெட் 50 லட்சம் டாலர், 30 நாள் படப்பிடிப்பு, அதில் 24 நாள் ஊருக்குள், உள்ளூர்ச் செலவு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம்.

சான் அன்டோனியோவில் 7.5 சதவீதம், அதாவது 1.5 லட்சம். சவானாவில் 10 சதவீதம் 2 லட்சம் வர வேண்டும், வரம்பு 1 லட்சத்தில் நிறுத்திவிடும். அப்போது உண்மையான விகிதம் 5 சதவீதம்தான். இரண்டும் சமமாகும் புள்ளி உள்ளூர்ச் செலவு சுமார் 13.3 லட்சம் டாலர். அதற்குக் கீழே சவானா மேல், அதற்கு மேலே சான் அன்டோனியோ. தொடர் என்றால் சவானாவின் வரம்பு 2.5 லட்சம், அதைத் தொட 25 லட்சம் செலவழிக்க வேண்டும், அதுவரை முழு 10 சதவீதமும் நிற்கும்.

சான் பிரான்சிஸ்கோவில் விடை கதையைப் பொறுத்தது. பெர்மிட் நாளுக்கு 300 டாலர், காவலருக்கு மணிக்கு 120 டாலர், நகராட்சி இடங்களின் வாடகை மொத்தம் 30,000 என்று வைப்போம். 24 நாளும் தெருவில், நான்கு காவலர், 12 மணி நேரம்: போலீஸ் மட்டும் 1,38,240. பெர்மிட் 7,200. வாடகையோடு சேர்த்து 1,75,440 டாலர். அதே படத்தை ஒரு தனியார் வீட்டுக்குள் காவலர் இல்லாமல் எடுத்தால் திரும்புவது 7,200 மட்டுமே. முந்தையதில் 1.75 லட்சம் வந்தது லாபம் இல்லை, போன செலவு திரும்பியது. மற்ற இரண்டு ஊரில் வரும் பணமோ எப்படியும் செய்யப்போகும் செலவின் மேல் வருவது. மூன்றையும் ஒரே வரவு வரிசையில் போட்டுக் கூட்டுவது தவறு.

சவானா, சான் அன்டோனியோ இரண்டிலும் பணம் ஒழுகும் இடம் ஒன்றே: பில்லில் இருக்கும் முகவரி. கேமராவை ஆஸ்டினிலிருந்து வரவழைத்தால் மாநிலக் கணக்கில் சேரும், சான் அன்டோனியோ கணக்கில் சேராது. அட்லாண்டாவிலிருந்து வந்த ஜெனரேட்டர் வேனும் அப்படியே. சவானாவில் ஆற்றைத் தாண்டினால் தென் கரோலினா, அங்கே போட்ட செலவு ஜார்ஜியா கடனுக்கு உதவாது. முதல் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கணக்குப் பிரிவில் நகரம், மாநிலம், வெளி என்று மூன்று குறியீடு வைத்து ஒவ்வொரு வவுச்சரிலும் எழுதச் சொல்லுங்கள். படம் முடிந்த பிறகு பிரிப்பதென்றால் அதற்கே ஒரு கணக்காளரை வேலைக்கு வைக்க வேண்டும்.

விண்ணப்பம் முதல் ஷாட்டுக்கு முன்பே உள்ளே போயிருக்க வேண்டும். தாமதமாகப் போன விண்ணப்பத்தைக் காப்பாற்ற வழியில்லை.

தமிழ்த் தயாரிப்புக்கு

சென்னையில் 60 நாள், அமெரிக்காவில் 15 நாள் என்று போகும் படத்துக்கு சான் பிரான்சிஸ்கோவும் டெக்சாஸும் நாள் கணக்கிலேயே கதவைச் சாத்திவிடும். 75 நாளில் 15 நாள் 20 சதவீதம்தான். ஜார்ஜியா மாநிலக் கடனில் நாள் விகிதம் இல்லை, செலவு 5 லட்சம் டாலரைத் தொட்டால் போதும். வெளியூரிலிருந்து வந்தவர் அங்கே வேலை செய்து வாங்கும் சம்பளமும் அதில் சேரும். ஆனால் இரண்டு பாட்டும் ஒரு சேஸிங்கும் எடுக்கப் போகும் யூனிட் அந்தத் தொகையைத் தொடுவது கடினம், விசா வாங்கி ஆட்களை அழைத்துப்போகும் செலவு வேறு. அந்த நிலையில் ரிபேட்டை மறந்துவிட்டு, பெர்மிட் மலிவாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கும் ஊரைப் பார்ப்பதே சரி.

முழுக்க அமெரிக்காவிலேயே நடக்கும் கதை என்றால் நிலைமை வேறு. அங்கே குடியிருக்கும் தமிழ் நடிகர்களையும் உள்ளூர் டெக்னீஷியன்களையும் வைத்து எட்டு எபிசோட் எடுப்பவருக்கு எங்கள் முதல் தேர்வு சவானா. தொடருக்கான வரம்பு உயரமானது, மாநிலக் கடனுக்கு ஆண்டு உச்சவரம்பு இல்லாததால் வரிசையில் நின்று போட்டியிட வேண்டியதும் இல்லை. சான் பிரான்சிஸ்கோ இருக்கும் கலிபோர்னியா 2025-இல் தன் வரிக் கடனின் ஆண்டு ஒதுக்கீட்டை 75 கோடி டாலராக உயர்த்தி, அடிப்படை விகிதத்தை 35 சதவீதமாக்கியது உண்மைதான். அங்கே விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்தித்தான் கொடுக்கிறார்கள், இயக்குநர், முன்னணி நடிகர் சம்பளம் கணக்கில் சேராது. வரிக் கடன் கிடைத்த கடிதம் கைக்கு வந்த பிறகு சான் பிரான்சிஸ்கோவில் தேதி குறித்தால் போதும்.