ஃபார்மட் பண்ணாமலே அப்டேட்டை ஏத்திக் குடுத்த கடை

வீட்டு டெஸ்க்டாப்ல மூணு மாசமா விண்டோஸ் 11 அப்டேட் ஏறவே இல்லைங்க. டவுன்லோட் ஆகும், ரீஸ்டார்ட் ஆகும், முப்பது பர்சன்ட் வரைக்கும் போகும், அப்புறம் செஞ்ச மாத்தத்தையெல்லாம் திரும்ப எடுக்கிறேன்னு காட்டிட்டு பழையபடி வந்து நிக்கும். காரணம் எனக்கே தெரியும், ஒரு நாள் அப்டேட் ஓடிட்டு இருக்கும்போது மழைல கரண்ட் போச்சு, யூபிஎஸ் பேட்டரி ஏற்கனவே செத்துப் போயிருந்துச்சு, அப்படியே ஆஃப் ஆயிடுச்சு.

மொதல்ல போன கடையில (பேர் வேணாம்) எரர் நம்பரைக் கூட பாக்கல, ஃபார்மட் தான் சார்னு சொல்லிட்டாங்க. அதுல அப்பாவோட பழைய கணக்கு சாஃப்ட்வேர் ஒண்ணு இருக்கு, சிடி எப்பவோ தொலைஞ்சு போச்சு, ஃபார்மட் பண்ணா திரும்ப போடவே முடியாது. சிபியூவைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில இருக்கிற இந்தக் கடைக்கு போனேன். அண்ணன் உக்காந்த உடனே அப்டேட் ஹிஸ்டரியைத் திறந்து நம்பரைப் பாத்தாரு, 80073712ன்னு முடிஞ்சுது. இது நெட் ப்ராப்ளமோ இடம் பத்தாத ப்ராப்ளமோ இல்ல தம்பி, விண்டோஸ் தன்னோட ஃபைல்களுக்கு ஸ்பேர் வச்சிருக்கிற ஸ்டோரே கெட்டுப் போயிருக்குன்னாரு. கையை வைக்கிறதுக்கு முன்னாடி அவர் கேட்ட ஒரே கேள்வி, பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெக்கவரி கீ இருக்கான்னு. எனக்கு அப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது, என் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ண வச்சு அதை எடுத்து பேப்பர்ல எழுதி குடுத்தாரு.

கருப்பு ஸ்க்ரீன்ல, அந்த ஸ்டோரைச் சரி பண்ற டிஸ்ம் கமாண்ட் போட்டாரு. 62.3 பர்சன்ட்ல போய் அசையாம நின்னுச்சு, நான் ஹேங் ஆயிடுச்சுன்னு மவுஸைத் தொடப் போனேன், இங்கதான் எல்லாரும் ஆஃப் பண்ணி கெடுத்துக்குவாங்க, விடுங்கன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு நகந்துச்சு, ஆனா கடைசில சோர்ஸ் ஃபைல் கிடைக்கலன்னு வந்துச்சு. ஏன்னா வேற இடம் சொல்லலைன்னா டிஸ்ம் நல்ல ஃபைலை விண்டோஸ் அப்டேட் வழியாத்தான் கேக்குமாம், நமக்கு அந்த அப்டேட்டே தானே ஓடல. கெட்டுப்போன விண்டோஸ் ஃபைலைத் தேடி மாத்துற எஸ்எஃப்சி ஸ்கேனை மொதல்ல போட்டா ஆகாதான்னு கேட்டேன், அது இந்த ஸ்டோர்ல இருந்துதான் ஃபைலை எடுத்து மாத்தும், ஸ்டோரே சரியில்லாதப்ப எங்க போய் எடுக்கும்னாரு. நெட்ல நான் படிச்ச எதுலயும் இவ்வளவு தெளிவா சொல்லல.

அப்புறம் பென்டிரைவ்ல வச்சிருந்த விண்டோஸ் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் டிஸ்க்கோட ஃபைல் வடிவம்) விண்டோஸ் ஓடும்போதே திறந்து, உள்ள இருக்கிற செட்டப்பை ரன் பண்ணினாரு. பூட் பண்ணி போட்டா ஆப்ஸ் எல்லாம் போயிடும், உள்ளேருந்து போட்டா ஃபைலும் ஆப்பும் அப்படியே நிக்கும், விண்டோஸ் மட்டும் புதுசா ஏறும்னாரு. ஃபைல்ஸும் ஆப்ஸும் வச்சுக்கோங்கிற ஆப்ஷன் டிக் ஆகியிருக்கான்னு என்னையும் ஒரு தடவை பாக்கச் சொல்லிட்டுத்தான் இன்ஸ்டால் அமுக்கினாரு. முழுசா முடிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. முடிஞ்சதும் அனுப்பி வைக்கல, நின்னுபோன அப்டேட்டை என் முன்னாடியே போட்டு, ரீஸ்டார்ட் ஆகி, ஹிஸ்டரில சக்சஸ்னு வந்ததைக் காட்டினாரு. அப்பாவோட கணக்கு சாஃப்ட்வேர் அதே இடத்துல இருந்துச்சு, திறந்தா போன வாரம் போட்ட என்ட்ரி வரைக்கும் இருக்கு. எனக்கு அப்பதான் மூச்சே வந்துச்சு.

500 ரூபா வாங்கினாரு. கூடவே மொதல்ல யூபிஎஸ் பேட்டரியை மாத்துங்கன்னாரு, ஆனா தன் கடையிலதான் வாங்கணும்னு ஒரு வார்த்தை சொல்லல. குறைன்னா, கேட்டாத்தான் பில் தர்றாரு, மாடிப்படி ரொம்ப குறுகல், சிபியூவோட ஏறுறது கஷ்டம். அஞ்சுக்கு நாலரை குடுப்பேன். ஒருத்தரே பாக்கிற கடை, போன் பண்ணிட்டு மதியத்துக்கு முன்னாடி போங்க, அப்பதான் அன்னைக்கே முடிச்சு குடுப்பாரு.