பெர்லின் ஆல்ட்டே நேஷனல்கேலரி: ஃப்ரீட்ரிஷ் அறை எப்படி?

முதலில் ஒன்று: மூடுபனிக் கடலைப் பார்த்து நிற்கும் மலையேறியின் அந்தப் புகழ்பெற்ற ஓவியம் இங்கே இல்லை. அது ஹாம்பர்க் நகரின் குன்ஸ்ட்ஹாலே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைத் தேடி பெர்லினுக்கு வந்தால் ஏமாற்றம்தான். ஆனால் ஜெர்மன் ஓவியர் காஸ்பர் டேவிட் ஃப்ரீட்ரிஷ் தனிமையை எப்படிக் கட்டினார் என்று புரிந்துகொள்ள, அருங்காட்சியகத் தீவிலுள்ள இந்தக் கட்டடத்தின் மேல்தளத்துக்குத்தான் வர வேண்டும்.

காரணம் 'கடலோரத் துறவி' (1808–1810) என்ற ஓவியம். அகலம் 171 சென்டிமீட்டர். அதில் மனிதன் மிகச் சிறியவன். அகச்சிவப்பு ஆய்வில், ஃப்ரீட்ரிஷ் முதலில் கடலில் கப்பல்களைக் கோடிட்டிருந்தது தெரிந்தது. பிறகு அவற்றை விட்டுவிட்டார். ஓரத்தில் ஒரு மரமோ பாறையோ இருந்தால் கண் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே போகும். இங்கே அதுவும் கிடையாது. கண் இமைகளை வெட்டி எடுத்துவிட்டது போல என்று ஜெர்மன் எழுத்தாளர் க்ளைஸ்ட் 1810இல் எழுதியது இதைத்தான். முதலில் இரண்டு மீட்டர் தள்ளி நில்லுங்கள். வானம் பார்வையை நிறைக்கும். பிறகு கிட்டே போய்க் கடலின் கருமையைப் பாருங்கள்.

இதன் ஜோடியான 'ஓக் காட்டில் மடாலயம்' பொறுமை கேட்கும் படம். கீழ்ப்பாதி கிட்டத்தட்ட இருட்டு. வந்த வேகத்தில் பார்த்தால் இடிந்த சுவர் மட்டுமே தெரியும். இரண்டு நிமிடம் நின்றால்தான் வாசலை நோக்கிச் சவப்பெட்டி சுமந்து போகும் துறவிகள் கண்ணுக்குத் தட்டுப்படுவார்கள். பலர் அதற்குள் நகர்ந்துவிடுகிறார்கள். இரண்டு படங்களிலும் மஞ்சளேறிய பழைய வார்னிஷ் நீக்கப்பட்டு, 2016இல் மறுபடி மாட்டப்பட்டன. பழைய புத்தகங்களில் பார்த்த பழுப்பு வானத்தை மறந்துவிடுங்கள்.

'தனிமரம்' (1822) பெயருக்குத்தான் தனி. அடிமரத்தில் சாய்ந்து ஓர் இடையன், ஆடுகள், தூரத்தில் ஊர். சோகப் படம் என்று இதைச் சொல்பவர்கள் மரத்தின் முறிந்த உச்சியை மட்டும் பார்த்தவர்கள். 'சன்னலோரப் பெண்' சிறியது, உயரம் சுமார் 45 சென்டிமீட்டர். முன்னால் இரண்டு பேர் நின்றாலே மறைந்துவிடும். அவள் நமக்கு முதுகைத்தான் காட்டுகிறாள். முகத்தை மறைத்ததால் அவள் உணர்வை நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஃப்ரீட்ரிஷ் திரும்பத் திரும்பக் கையாண்ட உத்தி இது.

குறை கூட்டம்தான். குழுக்கள் வந்துவிட்டால் துறவியின் முன் அமைதி கிடையாது. வேலைநாளில் திறந்ததும் நேராக மேலே ஏறி, மற்ற தளங்களைப் பிறகு பாருங்கள். திங்கள் விடுமுறை. படங்கள் கண்காட்சிகளுக்கு இரவலாகப் போவதும் உண்டு. கிளம்பும் முன் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நினைவுக்கு அஞ்சலட்டை வாங்குவதானால் 'தனிமரம்' சரி. 'துறவி' அந்த அளவில் வெறும் சாம்பல் பட்டை.