28,400 ரூபாய் கம்ப்ரசருக்குப் போனது, கோளாறு இருந்தது எர்த் ஒயரில்

கார் ஏசி சரியில்லை என்று நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் எங்கேயாவது வண்டியை விடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 28,400 ரூபாய் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடைப் பெயரை எழுதவில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிற விஷயம். நெடுஞ்சாலை ஓரத்தில் பெரிய போர்டு மாட்டி, கம்ப்யூட்டர் ஸ்கேனிங் வசதி உண்டு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஒரு ஏசி ஒர்க்‌ஷாப், அவ்வளவுதான் சொல்வேன். என்னென்ன பார்த்துவிட்டு வேலைக்கு விட வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

வண்டி 2010 மாடல், பெட்ரோல், சின்னக் கார். எங்கள் வீடு குளச்சல் பக்கம். அம்மாவை மாதாமாதம் திருவனந்தபுரத்துக்கு செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும், அதற்காகவே வைத்திருக்கும் வண்டி. ரோட்டில் ஓடும்போது ஏசி ஜில்லென்று இருக்கும். மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை என்று வண்டி ஊர்ந்து போகிற இடம் வந்தால் போச்சு. ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடுகிற வேகம், இறங்கும், ஸ்டியரிங் நடுங்கும், முன்னால் டக்கென்று ஒரு சத்தம், அப்புறம் வெறும் சூடுகாற்றுதான். பின் சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வருவாள். ராத்திரி ஹெட்லைட்டும் போட்டிருந்தால் இன்னும் மோசம், விளக்கே மங்கும், ஒன்றிரண்டு இடத்தில் வண்டி ஆஃப் ஆகியும் போனது. இத்தனையையும் அந்தக் கடையில் ஒன்று விடாமல் சொன்னேன். ஹெட்லைட் மங்குகிறது என்பதையும் சொன்னேன். அதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கோளாறே அதில்தான் இருந்தது.

அந்தக் கடைக்காரர் பேசிய விதம் இருக்கிறதே, யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள். அம்மாவும் கூட வந்திருந்தாள். வந்ததும் உள்ளே இருந்து நாற்காலி எடுத்துவரச் சொல்லி, ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்து, என்ன உடம்புக்கு என்று கேட்டு, "எனக்கும் வீட்டில இதே பிராயத்தில ஒரு அம்மை உண்டு சாரே" என்றார். அப்புறம் ஸ்கேனரை மாட்டினார், ஏசி கேஸ் பிரஷரைப் பார்க்கும் கேஜை மாட்டினார். நான் பக்கத்தில் நின்று போனில் இரண்டையும் போட்டோ எடுத்தேன், எடுக்காதே என்று அவரும் சொல்லவில்லை. ஒரு பைப்பைக் கழற்றி அதில் இருந்த எண்ணெயை விரலில் தொட்டு என் முகத்துக்கு நேரே நீட்டினார். கறுப்பாக இருந்தது. "வண்டிக்க கம்ப்ரசர் போச்சுதாக்கும். உள்ள தேஞ்சு இரும்புப் பொடி வருது பாருங்க. இந்தப் பொடி போயி கண்டன்சரையும் அடைச்சிருக்கும். அம்மையைக் கூட்டிட்டுப் போற வண்டி, பாதி வேலை பாத்து விட எனக்கு மனசு வராது" என்றார். அந்தக் கடைசி வார்த்தைக்குத்தான் அம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினாள். சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. சரி என்று சொன்னேன்.

புது கம்ப்ரசர் 17,500. கண்டன்சர், அதாவது வண்டி முன்னால் இருந்து ஏசி கேஸின் சூட்டை வெளியே விடும் சாமான், 5,200. கேஸும் ஆயிலும் 2,200. கூலி 3,500. மொத்தம் 28,400. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள், ஜிஎஸ்டி நம்பர் கிடையாது, கடை முத்திரைகூட இல்லை. பழைய கம்ப்ரசரைக் கேட்டேன். பழைய இரும்பு வாங்கும் ஆக்கர்காரன் எடுத்துக்கொண்டு போய்விட்டானாம்.

அடுத்த செக்கப்புக்குப் போகும்போது மார்த்தாண்டத்தில் அதே நடுக்கம், அதே டக், அதே சூடுகாற்று. எள்ளளவும் மாறவில்லை.

அன்றிலிருந்து தொடங்கியது அலைக்கழிப்பு. போன் பண்ணினால் கடைப் பையன் எடுப்பான், "அண்ணன் சாமான் எடுக்க திருநெல்வேலி போயிருக்கு." மறுபடி பண்ணினால், புது கம்ப்ரசர் செட் ஆகக் கொஞ்ச நாள் பிடிக்குமாம். நேரில் கொண்டுபோய் நிறுத்தினால், பகல் வெளிச்சத்தில், லைட் எதுவும் போடாமல், ரேஸ் கொடுத்துக் காட்டிவிட்டு "இப்ப ஜில்லுன்னுதானே வருது" என்பார். ரேஸ் கொடுத்தால் எந்த வண்டியில்தான் வராது? ஐடிலில் விட்டுப் பாருங்கள் என்று நான் நின்றுகொண்டே இருந்ததால், கடைசியில் ஐடில் மோட்டார் போயிருக்கும், அதை மாற்ற இன்னொரு 6,500 ஆகும் என்றார். போன தடவை நாற்காலி போட்ட இடத்தில் அன்றைக்கு எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை, அம்மா வெயிலில் வண்டிக்குள்ளேயே இருந்தாள். அப்புறம் வாட்ஸ்அப்பில் என்ன அனுப்பினாலும் நீல டிக் மட்டும்தான் விழுந்தது.

6,500 கொடுக்கவில்லை. மைத்துனர் சொல்லி, தக்கலைக்கு உள்ளே ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொண்டு போனேன். போர்டுகூட இல்லாத கடை. அவர் பானெட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே கேட்டது, "ராத்திரி ஏசி போட்டா லைட்டு மங்குதா மக்களே?" என்றுதான். அந்தக் கடைக்காரரிடம் நானே வாய்விட்டுச் சொல்லியும் காதில் ஏறாத விஷயம்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசி, புளோயர், ஹெட்லைட் எல்லாவற்றையும் போடச் சொன்னார். மல்ட்டிமீட்டரில் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் இன்னொரு முனையைப் பாடி இரும்பிலும் வைத்தார். எர்த், அதாவது பேட்டரி நெகட்டிவைப் பாடியோடு சேர்க்கும் இணைப்பு, நன்றாக இருந்தால் 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டுமாம். 2.6 காட்டியது. பேட்டரியில் 14.1 இருக்கிறது, ரேடியேட்டர் ஃபேன் சாக்கெட்டில் 11.5தான் வருகிறது. உடனே ஒரு ஜம்பர் கேபிளை எடுத்து நெகட்டிவிலிருந்து பாடிக்குக் கொடுத்தார். கண் முன்னாலேயே ஹெட்லைட் பளிச்சென்று ஆனது, ஃபேன் சத்தம் மாறியது, கொஞ்ச நேரத்தில் ஐடில் ஏறி நின்றது, கம்ப்ரசரை ஓடவிடும் ஏசி கிளட்ச் பிடித்தது, விடவே இல்லை. அம்மா உள்ளே இருந்து கண்ணாடியை ஏற்றச் சொன்னாள்.

பேட்டரி தட்டுக்குக் கீழே பாடியில் முறுக்கியிருக்கும் எர்த் ஒயர். கழற்றிக் காட்டினார். முனை முழுவதும் பச்சை பூத்து, போல்ட்டுக்குக் கீழே துரு செதில் செதிலாக உதிர்ந்தது. கடற்கரை ஊர், உப்புக் காற்று, நம் பக்கத்தில் இது அடிக்கடி வருகிற வியாதி என்றார்.

அவர் விளக்கிச் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏசி பட்டனை அமுக்கினால் நேராகக் கம்ப்ரசர் ஓடிவிடாது. சிக்னல் ஈசியூவுக்கு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்கு, போகும், அது ஐடில் வால்வைத் திறந்து காற்றைக் கூட்டி இன்ஜின் சுற்றும் வேகத்தை ஏற்றிக்கொண்டு ரிலே வழியாகக் கிளட்ச்சைப் பிடிக்க விடும். எர்த் கெட்டு ஈசியூவுக்கே வோல்டேஜ் குறைந்தால் அந்த வால்வில் இருக்கும் ஸ்டெப்பர் மோட்டார் படி தவறும், ஐடில் இறங்கும், இன்ஜின் நின்றுவிடக் கூடாது என்று ஈசியூ கிளட்ச்சை விட்டுவிடும். கூடவே ஃபேனும் மந்தமாகச் சுற்றும், நின்ற இடத்தில் கண்டன்சருக்குக் காற்று போதாது, பிரஷர் ஏறும், அதனாலும் ஏசி கட் ஆகும். ரோட்டில் ஓடும்போது எதிர்காற்று அடிப்பதால் தெரியாது.

அப்போதுதான் போனில் இருந்த போட்டோக்களைக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. ஸ்கேனர் திரையில் கோளாறைக் காட்டும் இரண்டு எரர் கோடு (code) இருந்தது. பி0505, பி0562. முதலாவது ஐடில் கண்ட்ரோல் கோளாறு. இரண்டாவது என்ன தெரியுமா? சிஸ்டம் வோல்டேஜ் குறைவு. அந்தத் திரையிலேயே இருந்திருக்கிறது! கேஜ் போட்டோவில் சிவப்பு முள் 300 பிஎஸ்ஐக்கு மேலே நிற்கிறது. கம்ப்ரசர் தேய்ந்துபோயிருந்தால் ஹை சைடு, அதாவது கம்ப்ரசர் அழுத்தி வெளியே தள்ளும் பக்கத்துப் பிரஷர், இப்படி ஏறவே ஏறாது என்றார். அதாவது என் கம்ப்ரசர் நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு, 17,500 வாங்கிக்கொண்டு மாட்டிய 'புது' கம்ப்ரசரை எலக்ட்ரீஷியன் டார்ச் அடித்துக் காட்டினார். போல்ட் தலையிலும் ஸ்டிக்கர் ஓரத்திலும் கறுப்பு ஸ்ப்ரே பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. ரீகண்டிஷன் பண்ணின பழைய சாமான்.

புது எர்த் கேபிள், அதன் முனையில் மாட்டும் லக், இரும்பைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி முறுக்கியது, ஐடில் வால்வையும் திராட்டில் பாடியையும் கழற்றிக் கார்பன் எடுத்தது, எல்லாம் சேர்த்து 650 ரூபாய் வாங்கினார். பழைய ஒயரைப் பேப்பரில் சுற்றி என் கையிலேயே கொடுத்தார், நான் கேட்காமலே. 28,400 எங்கே, 650 எங்கே.

ஒயரையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். "எலக்ட்ரிக்கல் வேற, ஏசி வேற சாரே. நாங்க போட்ட கம்ப்ரசர் ஓடுதா இல்லியா? ஓடுதுல்லா. பின்ன என்ன?" என்று கேட்டுவிட்டு வேறு வண்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். வோல்டேஜ் கோடு உங்கள் ஸ்கேனரில்தானே வந்தது என்றேன், பதிலே இல்லை. வெளியே வந்து போன் பண்ணிப் பார்த்தேன், நம்பரை பிளாக் பண்ணியாகிவிட்டது. அம்மையைப் பற்றிப் பேசிய அதே வாய்.

பார்க்க வேண்டியதை எல்லாம் வரிசையாக எழுதலாம் என்றுதான் இருந்தேன், இப்போது கை ஓடவில்லை. முக்கியமானது மட்டும். ஏசி நின்ற இடத்தில் மட்டும் போகிறது, லைட் மங்குகிறது என்றால் கம்ப்ரசரைத் தொட விடாதீர்கள், முதலில் எர்த், ஃபியூஸ், ரிலே, ஃபேன் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனர் திரையைக் கட்டாயம் போட்டோ எடுங்கள், ஒவ்வொரு கோடுக்கும் அர்த்தம் கேளுங்கள். கழற்றிய சாமானை உங்கள் டிக்கியில் போட்ட பிறகு பணம் கொடுங்கள். ஜிஎஸ்டி நம்பர் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். ஏமாந்தவர்கள் 1915-க்குக் கூப்பிடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம், கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது.

துண்டுச் சீட்டு, போட்டோக்கள், அந்தப் பச்சை பூத்த ஒயர், 650 ரூபாய் பில் எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை நாகர்கோவிலில் மனு கொடுக்கிறேன். 28,400 ரூபாயும் முழுசாகத் திரும்ப வேண்டும், எங்கள் வண்டியில் இருந்து கழற்றிய கம்ப்ரசர் எங்கே போனது என்பதற்கும் அவர் பதில் சொல்ல வேண்டும்.