ஆக்ராவில் 'தாஜ் வியூ' டின்னருக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலில் ஒரு விஷயம். தாஜ்மகாலுக்கு இரவில் விளக்கு போடுவதில்லை. நம் ஊர்க் கோயில் கோபுரங்கள் ராத்திரியில் ஜொலிப்பதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது. அதை வைத்துத்தான் எங்களிடம் பணம் பறித்தார்கள்.

சூரிய அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பே தாஜ்மகாலை மூடிவிடுவார்கள். அதனால் அந்தி வெளிச்சத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வெளியே இடம் தேட வேண்டியிருக்கிறது. தெற்குப் பக்கம் தாஜ்கஞ்ச் சந்துகளில் மொட்டை மாடி உணவகங்கள் அதற்காகவே இருக்கின்றன. எல்லோரையும் குறை சொல்லவில்லை. காலையில் டீ குடித்த ஒரு மாடியில் பார்வையும் நன்றாக இருந்தது, விலையும் நியாயம்.

மாலையில் எங்களை ஏற்றிக்கொண்ட பேட்டரி ஆட்டோக்காரர், கேட்காமலேயே வேறொரு இடத்தில் கொண்டுபோய் விட்டார். கூடவே படியேறி வந்து கல்லாவில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். அப்போதே வானம் இருண்டுகொண்டிருந்தது. எங்களை உட்கார வைத்த மேசைக்கு நேரே தண்ணீர்த் தொட்டி, அதற்குப் பின்னால் குவிமாடத்தின் மேல்பாதி மட்டும். வேறு மேசை கேட்டால், "முன்பதிவு ஆகிவிட்டது" என்றார்கள். நாங்கள் கிளம்பும்வரை அந்த மேசைகளுக்கு யாரும் வரவில்லை.

அம்மா பணியாளரிடம் தனக்குத் தெரிந்த இந்தியில், "இருட்டிப் போச்சே, தெரியுமா?" என்று கேட்டார். அவர் கொஞ்சமும் தயங்காமல், "ஏழரைக்கு லைட் போடுவாங்க மாதாஜி, அதுவரைக்கும் சாப்பிடுங்க" என்றார். அம்மா அதை நம்பி ரொட்டியை மெதுவாகச் சாப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஏழரை ஆனது, எட்டும் ஆனது. அங்கே இருட்டைத் தவிர ஒன்றுமில்லை. அடுத்த மேசைக்காரர்தான் உண்மையைச் சொன்னார். எனக்கு ஆறாத கோபம் பணத்தைவிட இந்தப் பொய்யில்தான்.

பில்லில் 'வியூ சார்ஜ்' என்று ஆளுக்கு 300 ரூபாய். மெனுவில் அப்படி ஒரு வரியே கிடையாது. அதற்கு மேல் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ். சர்வீஸ் சார்ஜை உணவகம் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதிசெய்தது. இதைச் சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே சர்வீஸ் சார்ஜை நீக்கினார்கள். வியூ சார்ஜை மட்டும் விடவில்லை. வாசலில் இரண்டு பேர் வந்து நின்றதும், வயதானவர்களை வைத்துக்கொண்டு சண்டை வேண்டாம் என்று கட்டிவிட்டோம்.

நீங்கள் போனால், உட்காரும் முன் அந்த நாற்காலியிலிருந்து என்ன தெரிகிறது என்று பாருங்கள். உணவைத் தவிர வேறு கட்டணம் உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். இருட்டிய பிறகு 'தாஜ் வியூ' என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். அந்தி நேரத்துக்கு யமுனையின் அக்கரையில் மெஹ்தாப் பாக் தோட்டம் இருக்கிறது. சின்ன நுழைவுக் கட்டணம்தான், நேர் எதிரே முழு தாஜ்மகாலும் தெரியும். நிலவொளியில் பார்க்க வேண்டுமென்றால் பௌர்ணமியை ஒட்டிய ஐந்து இரவுகளில் தனி டிக்கெட் தருகிறார்கள், வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் தவிர. வெள்ளிக்கிழமை பகலிலும் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி இல்லை.

பில்லைப் பத்திரமாக வைத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. அங்கே தமிழிலும் பேசலாம். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில் இருந்தால் நீங்களும் கொடுங்கள்.