பாத்தர்ஸ்ட் வகுப்பு கார்வெட்: எதில் தேறும், எதில் தேறாது

முழுப் போர்க்கப்பலாக எடைபோட்டால் பாத்தர்ஸ்ட் வகுப்பு கார்வெட் (சிறிய துணைக்காவல் கப்பல்) ஏமாற்றும். போர்க்கப்பல் கட்டிப் பழகாத கப்பல் கட்டும் தளங்களிலும் கட்டி முடிக்க முடிந்த கப்பல் என்று பார்த்தால் மதிப்பெண் ஏறிவிடும். இரண்டாம் உலகப் போரின்போது ஆஸ்திரேலியாவில் எட்டுத் தளங்களில் 60 கப்பல்கள் கட்டினார்கள். அவற்றில் நான்கு ராயல் இந்தியக் கடற்படைக்கு வந்தன: பெங்கால், பம்பாய், மெட்ராஸ், பஞ்சாப். ஏட்டில் இவை கண்ணிவெடி அகற்றும் கப்பல்கள். கடலில் பார்த்ததோ துணைக்காவல், நீர்மூழ்கி வேட்டை, ஆள் ஏற்றி இறக்குவது என்று எல்லா எடுபிடி வேலையும்.

டர்பைனை விட்டு டிரிபிள் எக்ஸ்பான்ஷன் நீராவி எஞ்சினை (நீராவி மூன்று கட்டமாக விரிந்து பிஸ்டன்களைத் தள்ளும் பழைய வகை) பொருத்தியது சரியான முடிவு. டர்பைனுக்குத் துல்லியமாகப் பல் வெட்டிய கியர் வேண்டும். இதையோ சரக்குக் கப்பல் மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிவிடுவார். ஆனால் இரட்டைச் சுழலி இருந்தும் வேகம் சுமார் 15 நாட்தான் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்). பெரிய ஜப்பானிய நீர்மூழ்கிகள் நீர்மேல் 20 நாட் வேகத்தைத் தாண்டும் என்பதால் துரத்திப் பிடிக்கும் பேச்சே இல்லை.

வேகக் குறைவு டெப்த் சார்ஜ் (குறித்த ஆழத்தில் வெடிக்கும் நீர்மூழ்கி எதிர்ப்புக் குண்டு) போடும்போது இன்னும் உறைக்கும். குண்டு நொடிக்கு ஏறத்தாழ 3 மீட்டர் மூழ்கும். 15 மீட்டர் ஆழத்தில் வெடிக்க வைத்தால் கையில் இருப்பது ஐந்தே நொடி. 15 நாட் வேகத்தில் போனால் அதற்குள் கப்பல் 38 மீட்டர் விலகியிருக்கும். 10 நாட் வேகத்தில் 25 மீட்டர்தான். 130 கிலோ வெடிமருந்து அவ்வளவு கிட்டத்தில் வெடித்தால் சொந்தச் சுக்கானுக்கும் சுழலித்தண்டுக்கும்தான் ஆபத்து. ஆழம் குறைந்த இலக்கு என்றால் முழு வேகம் எடுத்த பிறகே குண்டை விட வேண்டும். அப்படியும் வேலை நடந்தது: 1942 ஜனவரி 20 அன்று டார்வினுக்கு அருகே இந்த வகுப்பின் டெலொரெய்ன், ஐ-124 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியை மூழ்கடித்தது.

நீளம் 57 மீட்டர், நீரில் இறங்குவது இரண்டரை மீட்டர் சொச்சம். திறந்த கடலில் உருட்டி எடுக்கும். போகப்போக ஆயுதமும் கருவியும் கூடின, அவற்றை இயக்க ஆளும் கூடியது. சுமார் 85 பேர் அடைந்து கிடந்த இரும்புக் கூட்டில் வெப்பமண்டல இரவு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

உண்மையான பலவீனம் வானம். 1942 டிசம்பர் 1 அன்று தைமூருக்கு அருகே ஜப்பானிய விமானங்கள் இந்த வகுப்பின் ஆர்மிடேல் கப்பலை மூழ்கடித்தன. சில ஓர்லிகான் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை நம்பித் தனியே அனுப்பக்கூடாத கப்பல் இது. அதற்கு மூன்று வாரம் முன்பு பெங்கால், ஒந்தினா என்ற டச்சு எண்ணெய்க் கப்பலோடு போகையில், ஆயுதம் பூட்டிய இரண்டு ஜப்பானிய வணிகக் கப்பல்களை ஒற்றை 12 பவுண்டர் பீரங்கியோடு (சுமார் 12 பவுண்டு எடைக் குண்டு சுடும் சிறு பீரங்கி) எதிர்கொண்டது. அவற்றில் ஹோகோகு மாரு மூழ்கியது, பெங்கால் பிழைத்தது. வீரம் சரி, வடிவமைப்புக்கு அதை வரவு வைக்க முடியாது.

நேரில் பார்க்க இரண்டு மிஞ்சியிருக்கின்றன. மெல்போர்ன் அருகே வில்லியம்ஸ்டவுனில் காசில்மெய்ன் மிதக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவில் வையாலா தரையில் நிற்கிறது. நீருக்கடியில் இருக்கும் உடல் வடிவம் எப்படி என்று தெரிய வேண்டுமானால் அங்கே போவதே மேல்.