சுங்கை சிப்புட் பல் டாக்டர் மாடியில் குடும்பக் கவுன்சலிங்: போய் வந்தவன் எழுதும் மதிப்பீடு

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாரும் என்னிடம் முதலில் கேட்பது அதைத்தான். ஒன்றரை மணி நேரத்துக்கு 200 வெள்ளி (ரிங்கிட்). ஐந்து பேர் போனாலும் அதுதான், இரண்டு பேர் போனாலும் அதுதான். இன்றைக்கு மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. செம்பனைக் குலை வெட்டுகிற ஒருவருக்கு அந்த 200 வெள்ளி மூன்று நாள் கூலி. இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு குடும்பத்திடம் யோசிக்காமல் போய் வாருங்கள் என்று என்னால் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் மகனும் மருமகளும் சம்பாதிக்கிறார்கள், அதனால் கட்ட முடிந்தது.

ஆலோசகரின் பெயரைப் போடவில்லை, அவரே வேண்டாம் என்றார். சுங்கை சிப்புட்காரர்களுக்குப் பல் டாக்டர் மாடி என்றாலே போதும். வாரத்தில் பாதி நாள் ஈப்போவில் இருப்பார், மீதி நாள் இங்கே.

நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, இருந்தவன். கித்தாப் பாலை, அதாவது ரப்பர் பாலை, எடை போட்ட காலத்தில் சேர்ந்து, செம்பனைக் குலை எண்ணும் காலத்தில் ஓய்வு பெற்றேன். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், குடும்பச் சண்டை முற்றினால் கோயில் திண்ணையில் பஞ்சாயத்து கூடும். கோயில் தலைவர், மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்), தொழிற்சங்கத்து ஆள் ஒருவர். எழுதப் படிக்கத் தெரிந்த குற்றத்துக்காக நோட்டுப் புத்தகத்தோடு நானும் உட்காருவேன். இரண்டு பக்கமும் பேசும், தலைவர் யார் மேல் தப்பு என்று சொல்வார், நான் எழுதுவேன், இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்த நோட்டில் இருந்த வழக்குகள் பல, அடுத்த சம்பள நாளிலேயே திரும்பி வந்திருக்கின்றன. அதனால் இந்த மாடிக்குப் போகும்போது என் கணக்கு எளிது: படித்த பெண் ஒருத்தி அதே பஞ்சாயத்தை ஏர்கோன் அறையில் வைத்து 200 வெள்ளி வாங்கப் போகிறாள்.

போனதற்குக் காரணம் என் இளைய மகள். எஸ்.பி.எம். வருடம், பள்ளிப் படிப்பை முடிக்கும் அரசாங்கப் பரீட்சை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிற்று வலி. கிளினிக்கில் பார்த்தோம், இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றும் இல்லை. பள்ளியில் கவுன்சலிங் பார்க்கும் ஆசிரியை அவளோடு பேசிவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "பிள்ளையை மட்டும் அனுப்பாதீங்க, வீட்டுல இருக்கிற எல்லாரும் சேர்ந்து போங்க" என்றார்.

வீட்டில் இருப்பவர்கள் ஐந்து பேர். நான், மனைவி, மகன், மருமகள், இளைய மகள். தாமானில், அதாவது குடியிருப்புப் பேட்டையில், ஒரு தரை வீடு. முன்பணம் என் இ.பி.எஃப். (சேமநிதி) காசு, மாதத் தவணை மகன் கட்டுகிறான், வீடு அவன் பெயரில். மருமகள் தாதி, ஷிப்ட் வேலை. பின்பக்கச் சமையலறையை இடித்து நீட்ட வேண்டும் என்பது அவள் ஆசை. சாமி மேடையை அசைக்கக் கூடாது என்பது என் மனைவியின் பிடிவாதம். இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, இந்தக் கதை பாதித் தாமான்களில் நடக்கிறது.

முதல் நாள் ஆலோசகர் அம்மா எங்களை இஷ்டப்பட்ட இடத்தில் உட்காரச் சொன்னார். மகள் தானாகவே என் மனைவிக்கும் மருமகளுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தாள். யார் குற்றவாளி என்று கேட்பார் என நான் காத்திருந்தேன். அவர் மகளைப் பார்த்து, "அம்மாவும் அண்ணியும் பேசாம இருக்கிற அன்னிக்கு அப்பா என்ன செய்வாரு?" என்று கேட்டார்.

"காடி கழுவுவாரு."

"அண்ணன்?"

"போனைப் பார்ப்பாரு. அப்புறம் அம்மா என்னைக் கூப்பிடுவாங்க. அண்ணிகிட்ட இதைச் சொல்லுன்னு சொல்வாங்க. அண்ணி அம்மாகிட்ட அதைச் சொல்லுன்னு சொல்வாங்க."

எங்கள் தாமானிலேயே பளபளப்பான மைவி கார் எங்களுடையதுதான், அதை மறுக்க முடியாது.

இரண்டு பேரின் சண்டையைப் பற்றி மூன்றாவது ஆளிடம் கேட்பது இவர்கள் தொழிலில் ஒரு முறையாம். சண்டை போடுகிறவரிடம் கேட்டால் வாதம்தான் வரும். பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால், ஒருவர் செய்வதற்கு அடுத்தவர் என்ன செய்கிறார் என்று வரிசையாக வந்துவிடுகிறது. அடுத்து மகளின் நாற்காலியை எடுத்து என் பக்கத்தில் போட்டார். மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவில் காலி இடம். இரண்டு பேரும் எதிரில் இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ரொம்ப நேரம் அப்படியே போனது. 200 வெள்ளியில் எவ்வளவு கரைகிறது என்று நான் மனக்கணக்குப் போட்டேன்.

பிறகு ஒருநாள் வெள்ளைப் பலகையில் வம்சப்படம் வரைந்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். ஒட்டுதலாக இருப்பவர்களுக்கு இடையே இரட்டைக் கோடு, சண்டைக்கு வளைந்து நெளிந்த கோடு. என் அப்பா காலம் வரை போனார். என் அண்ணன் சிங்கப்பூர் கப்பல் பட்டறைக்கு வேலைக்குப் போனதிலிருந்து அப்பா அவனோடு நேராகப் பேசியதில்லை. எல்லாம் அம்மா வழியாகத்தான். "உங்கப்பா என்ன சொல்றாருன்னா" என்று தொடங்கித்தான் அம்மா அண்ணனிடம் பேசுவார். அதைச் சொன்னதும் ஆலோசகர் பலகையில் எங்கள் அம்மாவின் வட்டத்தையும் என் மகளின் வட்டத்தையும் ஒரே நிறத்தில் சுற்றினார். எதுவும் சொல்லவில்லை. என் மருமகள்தான் "ஓ" என்றாள்.

இதையெல்லாம் யார் கண்டுபிடித்தது என்று மகன் போனில் தேடிப் படித்துக் காட்டினான். மர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1950களில், நோயாளியை மட்டும் பார்க்காமல் அவர் குடும்பத்தையும் ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்துக் கவனித்தாராம். இரண்டு பேருக்குள் இறுக்கம் தாங்க முடியாமல் போனால் மூன்றாவது ஆளை உள்ளே இழுத்து முக்கோணம் ஆக்கிக்கொள்வார்கள் என்பது அவர் கருத்து. நாற்காலி மாற்றுவது அர்ஜென்டினாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த சால்வடோர் மினுச்சின் வழி. வீட்டில் பெரியவர்கள் விஷயத்துக்கும் பிள்ளைகள் விஷயத்துக்கும் நடுவே ஒரு கோடு வேண்டும், அந்தக் கோடு அழிந்தால் பிள்ளை தலையில் சுமை ஏறும் என்பார் அவர். வீடு யார் பெயரில் என்ற பேச்சு வந்தபோது எங்கள் ஆலோசகர் மகளை வெளியே அனுப்பிவிட்டார். "இது உனக்குத் தேவையில்லாத பேச்சும்மா, போய் செண்டோல் குடி." அவள் ஓடிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பணம் கொடுத்ததற்கு எனக்கு நியாயமாகப் பட்டது ஒரு பயிற்சி. ஒருவர் பேச வேண்டும். அடுத்தவர் பதில் சொல்வதற்கு முன், கேட்டதை அவர் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமா, அதான் சொன்னேன்" என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பதில். "எப்பவும்", "ஒருநாளும்" என்ற இரண்டு சொல்லும் தடை.

மருமகள் பேசினாள்: "நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து எட்டு மணிக்குப் படுக்குறேன். பத்து மணிக்கு ஹால்ல டிவி சத்தம். அத்தை வேணும்னே வைக்கிறாங்களோன்னு எனக்குத் தோணுது."

என் மனைவி திருப்பிச் சொன்னது: "பகல்ல தூங்குறா, அதனால நான் டிவி போடக் கூடாதாம்."

"ஆண்டி, பாதிதான் வந்திருக்கு. இன்னொரு தடவை" என்றார் ஆலோசகர்.

சில தடவை சுற்றி, கடைசியில் "நான் வேணும்னே செய்றேன்னு அவ நினைக்கிறா" என்று வந்தது. அப்புறம் மனைவி தன் பக்கத்தைச் சொன்னாள். லயத்து வீட்டில் அடுப்படியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நாலு வீட்டிலிருந்து பதில் வரும். தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் ஏழு மணிக்குக் கதவைப் பூட்டிவிட்டுப் போனால் இரவுதான் வருகிறார். நான் கோயில், கோப்பிக்கடை என்று போய்விடுவேன். "வீட்டுல மனுஷக் குரல் இல்லைன்னுதான் டிவி போடுறேன், நான் எங்க அதைப் பார்க்குறேன்?" இத்தனை வருடம் அவளோடு குடித்தனம் செய்கிற எனக்கே இது புதுச் செய்தி. மருமகள் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டிய முறை. ஒரே தடவையில் சரியாகச் சொன்னாள். தாதி வேலைப் பழக்கம் போல.

இந்த நேரத்தில் பக்கத்து அறை டியூஷனில் பிள்ளைகள் மலாயில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மனைவி கண்ணைத் துடைக்கிறாள், அந்தப் பக்கம் ஏழேழு நாற்பத்தொன்பது. தடுப்புப் பலகை அவ்வளவு மெல்லிசு. அவர்கள் சத்தம் இங்கே கேட்டால் நம் சத்தமும் அங்கே கேட்கும்தானே? கேட்டேன். சுவர் போடச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். இன்னும் போடவில்லை. ஆனால் டியூஷனால் ஒரு வசதி: படியேறும்போது ஊர்க்காரர் யாராவது பார்த்தால் டியூஷனுக்கு என்று சொல்லிவிடலாம்.

பிடிக்காதவை வேறு சிலவும் உண்டு. முதல் நாள் நிரப்பச் சொன்ன பாரம் (படிவம்) முழுக்க மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய என் மனைவிக்கு அதை மருமகளே நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மாமியார் மருமகள் பிரச்சினைக்கு வந்த இடத்தில் இது சரியா? ஆலோசகரின் தமிழ் நன்றாக இருந்தாலும் முக்கியமான இடம் வந்தால் மலாய்க்குத் தாவிவிடுகிறார். முகப் படங்கள் போட்ட அட்டைகளைப் பரப்பி "இன்னிக்கு உங்க மனசு எது மாதிரி இருக்கு அங்கிள்?" என்று கேட்பதை நான் கடைசிவரை ரசிக்கவில்லை.

தீர்ப்பு மட்டும் வரவே இல்லை. யார் சொல்வது சரி என்று நான் நேராகவே கேட்டேன். "அதைச் சொல்ல நான் இங்க உட்காரலை அங்கிள்" என்றார். அன்று எரிச்சலாக இருந்தது. ஆனால் பஞ்சாயத்தில் தோற்ற பக்கம் ஒன்று எப்போதும் இருக்கும், அந்தப் பக்கம்தான் அடுத்த மாதம் திரும்பவும் தொடங்கும். இங்கே தோற்றவர் என்று யாரும் இல்லாததால் வீட்டுக்கு வந்து சொல்லிக்காட்ட ஒன்றும் இல்லை.

என்ன மாறியது என்று கேட்டால்: நைட் ஷிப்ட் முடிந்த நாட்களில் மதியம் இரண்டு மணி வரை ஹாலில் டிவி இல்லை. அந்த நேரத்துக்கு மனைவி கோயில் மகளிர் குழுவோடு மாலை கட்டப் போகிறாள். "அண்ணிகிட்ட சொல்லு" என்று யார் தொடங்கினாலும் மகள் "நீங்களே சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறாள், இதுவும் ஆலோசகர் சொல்லிக் கொடுத்ததுதான். வயிற்று வலி குறைந்திருக்கிறது, பரீட்சைக்கு முன்னால் மட்டும் எட்டிப் பார்க்கிறது. வலிக்கு முதலில் டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வர வேண்டும் என்று ஆலோசகரும் சொன்னார். சமையலறை இன்னும் இடிக்கப்படவில்லை. வீட்டின் பெயர் விஷயத்துக்கு வக்கீலைப் பாருங்கள், அது என் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார். நானும் மகனும் சேர்ந்தே வக்கீலிடம் போய் வந்தோம்.

கோப்பிக்கடையில் விஷயம் தெரிந்த ஒருவர், "என்ன கிராணி, மகனுக்கு டைவர்ஸா?" என்று கேட்டார். குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி, ஒருவர் மட்டும் விவாகரத்து கேட்டால் சில விதிவிலக்குகள் தவிர முதலில் சமரசக் குழுவின் முன் போயாக வேண்டும். பதிவு இலாகாவில் நடக்கும் அதைத்தான் நம் ஆட்கள் கவுன்சலிங் என்கிறார்கள். அந்தக் குழுவுக்கு ஆறு மாத அவகாசம், வக்கீல் வர முடியாது. அது சட்டம் கேட்கும் படி. நாங்கள் போனது நாங்களாகவே போன இடம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம்.

இன்னொன்று. முதல் வாரம் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் யாராவது கை நீட்டுகிறார்களா, பயம் இருக்கிறதா என்று கேட்டார். அடி உதை இருக்கும் வீட்டில் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துப் பேசச் சொன்னால், அறையில் பேசியதற்கு வீட்டில் அடி விழும். அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் இந்த மாதிரி இடத்தைத் தேடாமல் 15999 என்ற எண்ணில் தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியைக் கூப்பிட வேண்டும். குடும்ப வன்முறைக்கு 1994ஆம் ஆண்டுத் தனிச் சட்டமே இருக்கிறது.

எங்கே போனாலும் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு செய்யாதவர் தன்னைக் கவுன்சலர் என்று சொல்லிக்கொள்ள முடியாது, தொழில் செய்யச் சான்றிதழும் வேண்டும். இவர் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார். சோசியம் பார்த்துக்கொண்டே கவுன்சலிங் என்று பலகை வைத்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். 200 வெள்ளி முடியாது என்றால் அரசாங்கத்தின் எல்.பி.பி.கே.என். (தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம்) அலுவலகத்தில் குடும்ப ஆலோசனை இருக்கிறது, போய்க் கேட்டுப் பாருங்கள்.

ஐந்துக்கு நான்கு போடுகிறேன். ஒன்றைக் குறைத்தது சுவருக்கும் பாரத்துக்கும். நேரம் வாட்ஸாப்பில் கேட்க வேண்டும், பதில் மெதுவாக வரும். சனிக்கிழமை காலை டியூஷன் பெற்றோர்களின் காடிகள் இடத்தை அடைத்துவிடும், மதியத்துக்கு மேல் கேளுங்கள். படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான் இருக்கிறது. முட்டி வலி உள்ள பெரியவர்கள் வந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், கீழே பல் டாக்டரின் பின்னறையைத் திறந்து தருகிறார்கள். அங்கே வாய்ப்பாடு கேட்காது.